நாற்பத்தெட்டு டிகிரி ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகமாட்டேன். யார் வீட்டு நாற்காலியையும் விரித்துப் போடமாட்டேன். படுத்தே கிடப்பேன். எழுந்தால்கூட, மறுபக்கம் திரும்பிப் படுப்பதற்காகத்தான் எழுவேன்.

இதற்கு ஒரு தீர்மானமா என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பெயர் பிரம்மநாயகம். வயது ஐம்பத்துமூன்று. குடியிருப்பு மாட்டுங்கா லேபர் கேம்ப். வேலை வாஷியில், மாம்பழம் ஏற்றுமதி செய்கிற ஒரு கூடத்தில். கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, நின்றுகொண்டே வடாலா. அங்கே மாறி, நின்றுகொண்டே வாஷி. அங்கே போய் எட்டு மணி நேரம் நிற்பதுதான் வேலை. பிறகு நின்றுகொண்டே வீடு. நான் கடைசியாக உட்கார்ந்தது போன தீபாவளிக்கு, எண்ணெய் தேய்த்துக்கொள்ள.

எங்கே நிற்கிறேன் என்றால், ஒரு வெந்நீர்த் தொட்டி பக்கத்தில். பழ ஈ என்று ஒன்று இருக்கிறது. மரத்தில் காய் தொங்கும்போதே வந்து, தோலில் ஊசி மாதிரிக் குத்தி, உள்ளே முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் தங்கம் மாதிரிப் பழம். உள்ளே புழு குடித்தனம் நடத்தும். வெளிநாட்டுக்காரன் புழுவையும் வாங்கமாட்டான், புழுவைக் கொல்ல மருந்து போட்ட பழத்தையும் வாங்கமாட்டான். அதனால் மருந்தே இல்லாமல் ஒரு வழி. நாற்பத்தெட்டு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் பழத்தை முக்கி வைப்பது. முட்டையும் புழுவும் உள்ளேயே செத்துவிடும். பழத்துக்கு ஒன்றும் ஆகாது. நாற்பத்தெட்டு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்கிறவன் நான். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே டிகிரி அதுதான்.

மே மாதத்தில், வெந்நீர் ஆவியில், வாரத்துக்கு ஆறு நாள். அப்படி நிற்கிறவனுக்கு ஏழாவது நாள் படுக்கத் தோன்றுமா தோன்றாதா?

புதன்கிழமை சாயங்காலம் என் மனைவி கோகிலவாணி சொன்னாள்:

"ஏங்க, இந்த ஞாயித்துக்கெழம அண்ணன் புது வீட்டுல பால் காய்ச்சுதாவ. ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன்?"

"ஒண்ணு."

"அப்ப அந்த அண்ணன்தான்."

"வீடு எத்தனாவது மாடி?"

"பதினாலு."

"லிஃப்ட் இருக்குல்லா?"

"இருக்கு. ஓடுமான்னு தெரியாது."

அப்போதே என் முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மச்சான் மாரிசெல்வம் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார். அவர் வீட்டு விசேஷம் என்றால் எல்லாருக்கும் சாப்பாடு, எனக்கு மட்டும் வேலை. "மாப்ள, அந்தச் சிலிண்டர இப்பிடி நகத்துங்க. மாப்ள, அந்தத் தண்ணிக் கேன மேல ஏத்துங்க." போன தடவை அவர் பேத்திக்குக் காது குத்தினார்கள். கத்தியது நான்தான். ஒரு நாற்காலிக் கட்டு காலில் விழுந்தது. போனில் அவர் பெயர் வந்தாலே எடுக்காமல் விட்டுவிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

அந்தக் காதுகுத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் சந்தையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எல்லார் முன்னாலும் மச்சான் ஒன்றை நறுக்கினார். உள்ளே வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. "லண்டனுக்குப் புழு இல்லாத பழம், நமக்குப் புழுப் பழமா மாப்ள?" என்று அவர் சிரித்தார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கோகிலா சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "எங்க அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு மரியாத இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் மாம்பழம் என்ற சொல்லே கிடையாது.

வியாழக்கிழமை, தொட்டிப் பக்கத்தில் நிற்கும்போது, ஆவிக்குள்ளிருந்து ஒரு யோசனை எழுந்து வந்தது. அவளுடைய மானத்தை வைத்தே என் தூக்கத்தைச் சம்பாதிப்பது! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் கெட்டவனுக்கு வெட்கம் பாதிதான் வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை, முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"கோகிலா, எங்க சூப்பர்வைசர் சாய்நாத் ஒரு பெட்டி ஹாபூஸ் மாங்கா தாரேங்காரு. கம்பெனியில ஒதுக்குனது. தோலுல லேசா வெயில் தழும்பு, அவ்வளவுதான். உங்க அண்ணனுக்குக் குடுத்தா அன்னைக்குப் பட்ட அவமானம் தீந்துரும்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோகிலா சயானில் ஒரு தையல் பட்டறையில் சட்டைக் காலர் தைக்கிறாள். வீட்டுக்கு வந்தும் ஊசி கையை விடாது.

"புழு இருக்காதுல்லா?"

"அங்கதான் சங்கடம். வெந்நியில போடுததுக்கு முந்தியே ஒதுக்குன காய். நாமதான் போட்டு எடுக்கணும். சனிக்கெழம சாயங்காலந்தான் கைக்கு வரும். ஞாயித்துக்கெழம விட்டா உள்ள இருக்க முட்ட பொரிஞ்சிரும்."

"மருந்து ஏதும் தெளிச்சிரக் கூடாதா?"

"உங்க அண்ணன் பேத்தியும் திங்கப்போற பழம். மருந்தாவது ஒண்ணாவது!"

"வெந்நியில எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்" என்று உண்மை வாய் தவறி வந்துவிட்டது. சட்டென்று சுதாரித்தேன். "ஒரு ஈடுக்கு. ஒரு பெட்டிக்கு நாலு ஈடு. பொறவு ஆறப்போடணும். தொடைக்கணும். காலையில நின்னா பொழுது சாஞ்சிரும்."

"அடுப்பக் கொஞ்சம் கூட்டி வச்சா வெரசா முடியாதா?"

"அம்பதத் தாண்டுனா பழம் வெந்துரும். நாப்பத்தஞ்சுக்குக் கீழ போனா புழு சுகமா குளிச்சிட்டு எந்திரிச்சி வந்துரும்."

"அப்ப ஒராள் கூடவே நிக்கணும்?"

"நவுரக் கூடாது."

"பழம் எப்பப் பழுக்கும்?"

"ஏழெட்டு நாள்ல பழுத்துரும். பழுத்த பொறவு நாம கொண்டுபோய்க் குடுத்துக்கிடலாம்."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு ஊசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி. நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன். அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு லேசாக எதற்கும் சரி சொன்னதில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். எனக்கோ தலையணைதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் சாய்நாத் கொடுத்த பெட்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிறு விடிந்தது. கோகிலா குளித்து, தலை சீவி, ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள். "பழத்தப் பாத்துக்கிடுங்க" என்றாள். "கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் தெருமுனை தாண்டியதும் கண்ணை மூடினேன். என் திட்டம் இதுதான். நாலு மணி வரை தூக்கம். நாலரைக்குக் குழாய்த் தண்ணீரில் பழத்தை நனைத்துத் துடைத்து வைப்பது. சாய்நாத்திடம் கேட்டு வாங்கி வந்த தெர்மாமீட்டரை, பார்த்தால் நம்புகிற மாதிரி, பக்கத்தில் போட்டுவைப்பது.

பாதிக் கனவு கூட வந்திருக்காது. கதவு தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு பீவி நின்றாள். இடுப்பில் ஒரு பெரிய பிரியாணி தேக்சா. கையில் ஒரு வாளி மாம்பழம்.

"அண்ணே, ஆரம்பிச்சிட்டியளா?"

"எதம்மா?"

"பழத்துக்கு வைத்தியம். கோகிலாக்கா போகும்போது சொல்லிட்டுப் போனாவ. எங்க வீட்டுக்காரவுக வாஷியில பெரிய இஞ்சினியர் கணக்கா பாக்குத வேலைய இன்னைக்கு வீட்டுல செய்யுதாவ, உங்க பழத்தையும் கொண்டுபோய்க் குடுங்கன்னு. உங்க வீட்டுப் பானை பத்தாதுன்னு தேக்சாவும் கொண்டாரச் சொன்னாவ."

"பீவி, எனக்கு லேசா தலவலி..."

"வெந்நி ஆவி புடிச்சா தலவலிக்கு நல்லதுண்ணே."

தேக்சாவை வாங்கினேன். தண்ணீர் ஊற்றினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். தெர்மாமீட்டரை முக்கினேன். நாற்பத்தெட்டு வந்ததும் என் பழத்தில் பாதியையும் பீவியின் பழத்தையும் உள்ளே போட்டேன். பச்சைத் தண்ணீரில் கிடந்த மாதிரிக் குளிர்ந்த காய்கள். போட்டவுடனே சூடு நாற்பத்துமூன்றுக்கு இறங்கியது. தீயைக் கூட்டினேன். நாற்பத்தொன்பதுக்கு ஓடியது. குறைத்தேன். நாற்பத்தாறு. கூட்டினேன். கம்பெனியில் இதையெல்லாம் ஒரு மெஷின் செய்யும், நான் மெஷினைப் பார்ப்பேன். இங்கே மெஷின் நான். மெஷினைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது.

லேபர் கேம்ப்பில் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படி. அந்தப் படியில் வரிசை நின்றது. ஒருத்தி கூடையோடு வந்தாள். ஒருத்தி பிளாஸ்டிக் பையோடு வந்தாள். ஒருத்தி கொய்யா கொண்டு வந்தாள். "கொய்யாவுக்குக் கணக்கு வேற, எனக்குத் தெரியாது" என்றேன். "மாங்கா தெரிஞ்சவுகளுக்குக் கொய்யா தெரியாதா?" என்று அவள் வருத்தத்தோடு போனாள். ஒருத்தி வண்டு விழுந்த அரிசியையே கொண்டுவந்துவிட்டாள். "வெந்நியில போட்டா சோறாயிரும்மா" என்று திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது ஈடு. மூன்றாவது ஈடு. நடுவில் என் சிலிண்டர் தீர்ந்தது. அப்பாடா என்று நான் உட்காரப் போகும்போது, பீவி தன் வீட்டுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். "பாதியில விட்டா புழு பொழச்சிரும்லாண்ணே" என்றாள். நான் கோகிலாவுக்குச் சொன்ன பாடம் அப்படியே தெருவுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

மதியம் ஒரு மணிக்கு எதிர்வீட்டுச் சொரிமுத்து வந்தார். வயதானவர். தலைக்கு மேலே ஒரு மெத்தை.

"தம்பி, அந்தச் சூட்டுல மூட்டப்பூச்சி சாவுமா?"

"அண்ணாச்சி, இது மாம்பழம் போடுத தண்ணி."

"மாம்பழத்த எடுத்த பொறவு போடுவோம். நான் நிக்கேன்."

"மெத்த தேக்சாவுக்குள்ள எப்பிடி அண்ணாச்சி போவும்?"

அவர் யோசித்தார். மெத்தையை இறக்கி வைத்துவிட்டுப் போய், தலையணை உறை ஐந்தைக் கொண்டுவந்தார். மெத்தை என் வாசலிலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் வந்தது. படுக்கத்தான் துணிச்சல் வரவில்லை. உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. கிளப்பியவள் பீவிதான்.

"இவ்வளவு செஞ்சு புழு செத்துச்சா இல்லையான்னு எப்பிடிண்ணே தெரியும்?"

தெருவே என்னைப் பார்த்தது. நான் அடுப்பைப் பார்த்தேன். கூட்டியும் குறைத்தும் ஓடிய அடுப்பு. அறுபது நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் உண்மையான நாற்பத்தெட்டு? ஒரு புழு நெளிந்தால் போதும், ஆண்டாப் ஹில்லில் போனதுக்கு மேல் லேபர் கேம்ப்பிலும் மானம் போகும். முதல் ஈட்டில் ஆறிக்கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பீவியின் வாளியிலிருந்து வந்த ஒரு பழத்தில், காம்புப் பக்கம் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி. என்னோடு பழகின புள்ளி அது. தினமும் ஆயிரம் பார்க்கிறேன். அதையே எடுத்தேன். நறுக்கினேன்.

இருந்தது. வெள்ளையாக, அரிசி நீளத்துக்கு. எல்லாரும் குனிந்தார்கள். நான் கத்தி முனையால் தொட்டேன். அசையவில்லை. புரட்டிப் போட்டேன். நூல் துண்டு மாதிரிக் கிடந்தது.

"செத்துட்டு!" என்றார் சொரிமுத்து.

ஒரு கைத்தட்டல். பிறகு எல்லாரும். ஒரு சாவுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தெருவை நான் பார்த்ததில்லை. "சீ, புழு உள்ளதானே இருக்கு, அத எப்பிடித் திங்க?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "இந்த மாதிரிப் புள்ளி இருக்கத ஒதுக்கிருங்க, மிச்சத்துல இனிமே ஒண்ணும் வளராது" என்றேன். பீவி அந்தப் பழத்தைத் தூரப் போட்டுவிட்டு, "நம்ம அண்ணன் இத்தன வருஷமா வாஷியில சும்மா தண்ணி காய்ச்சுதாருன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்று வீட்டில் ஒருவரும், தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தது. இருந்தாலும் கடைசி ஈடு போடும்போது யாரும் கேட்காமலே, "நகருங்க, சூடு பாக்கணும்" என்று நானாகவே சொன்னேன்.

ஐந்தரைக்குக் கோகிலா வந்தாள். நான் வாசல் படியில் ஈரப் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் பாய் முழுக்கப் பழம். கொடியில் சொரிமுத்துவின் தலையணை உறைகள். அவள் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். இன்னொன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எல்லாம் நல்லா வந்திருக்கு. நெசமாவே செஞ்சிட்டியளே."

"பொறவு? பொய்யா செய்வேன்?"

அவள் பழத்தைத் திரும்பப் பாயில் வைத்தாள். நான் பேச்சை மாற்றினேன்.

"பால் காய்ச்சுனாங்களா? மச்சான் என்னக் கேட்டாரா?"

"பால் காய்ச்சுதது அடுத்த ஞாயித்துக்கெழமலா."

"என்ன?"

"அடுத்த ஞாயித்துக்கெழம. பழமும் அன்னைக்குச் சரியா பழுத்திருக்கும். நீங்கதான் தூக்கிட்டு வரணும், பெட்டி கனமா இருக்கு."

"அப்ப இந்த ஞாயித்துக்கெழமன்னு சொன்ன?"

"சொன்னேன். அண்ணன் வீட்டுக்குன்னா நீங்க ஒரு சாக்கு வச்சிருப்பியன்னு தெரியும். அந்தச் சாக்கு ஒரு வாரம் முன்னாடியே செலவாயிரட்டும்னுதான் சொன்னேன்."

கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபத்துக்கும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

"அடுத்த வாரத்துக்கு வேற சாக்கு இருக்கா?" என்று கேட்டாள். கேலியாக இல்லை. நிஜமாகவே அறிந்துகொள்ளக் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"அப்ப நீ நாள் பூரா எங்க இருந்த?"

"நானும் மதினியும் ராணி பாக்ல மிருகம் பாக்கப் போயிருந்தோம். நானும் ஆறு நாளும் காலர் தைக்கேன்லா, எனக்கும் ஒரு ஞாயித்துக்கெழம வேண்டாமா?" அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில், அதே படியில், உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டினாள். அவள் காலும் வீங்கித்தான் இருந்தது. "ஏசி போட்ட ரூம்புல கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பெங்குயின் விட்டிருக்கான். ஒரு மணி நேரம் அங்கயே நின்னோம். என்ன குளிரு! வெளிய வரவே மனசில்ல."

"பெங்குயின் நல்லா இருந்துச்சா?" என்றேன். வேறு என்ன கேட்க?

"ரொம்ப நல்ல பிராணி" என்றாள் கோகிலா. "ஆம்பளப் பெங்குயினும் முறைபோட்டு முட்டைமேல உக்காருமாம். ஒரு சாக்கும் சொல்லாதாம்."